பெயர் வெளியே வராமல் உதவி கேட்பது: வழக்கறிஞர்களுக்கான ரகசிய உதவித் திட்டங்களைப் பயன்படுத்தும் முறை

வழக்கறிஞர் ஒருவர் தடுமாறத் தொடங்கியிருப்பது நீதிமன்றத்தில் தெரிய வருவதற்கு வெகு காலம் முன்பே அவருடைய மேசையின் கீழ் இழுப்பறையில் தெரிந்துவிடுகிறது. எதிர்த்தரப்பின் கடிதம், நீதிமன்ற அறிவிப்பு, கட்சிக்காரர் மூன்றாவது முறையாக எழுதிய நினைவூட்டல் என்று பிரிக்கப்படாத உறைகள் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். இரவில் மட்டும் என்றிருந்த குடி பிற்பகலுக்கு நகர்ந்திருக்கலாம். அல்லது ஒரு துளிகூடக் குடிக்காதவருக்கே வழக்குக் கட்டைப் பிரித்தவுடன் நெஞ்சு படபடத்து, எழுத்துகள் மனதில் ஏறாமல் போகலாம். இந்த நிலையில் இருப்பவருக்கு உதவி என்று ஒன்று இருப்பது தெரியாமல் இல்லை. தொலைபேசியை எடுத்தால் அது யார் காதுக்கெல்லாம் போகும் என்ற கேள்விதான் அவரைத் தடுக்கிறது. எனவே இந்த வழிகாட்டி ரகசியத்தைப் பற்றியே அதிகம் பேசும்: அது எதுவரை காக்கும், எங்கே கசியும், அதைத் தெரிந்துகொண்டு முதல் அழைப்பை எப்படிச் செய்வது என்பதைப் பற்றி.

இந்த அச்சம் ஒரு சிலருடையது அன்று. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பணியில் இருந்த 12,825 வழக்கறிஞர்களிடம் கேள்விகள் கேட்டது. அவர்களில் 20.6 சதவீதத்தினரின் குடிப்பழக்கம் ஆபத்தான அளவில் இருந்தது. 28 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 19 சதவீதத்தினரிடம் மனப்பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. தொழிலின் முதல் பத்து ஆண்டுகளில் இருப்பவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தனர். வயது ஏறத்தான் குடி ஏறும் என்று நினைத்துக்கொண்டிருந்த சீனியர்களுக்கு அது ஒரு புதுச் செய்தி. உதவி தேடாததற்கு ஆய்வில் பங்கேற்றவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் பிடித்தவை இரண்டு: பிறருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது ஒன்று, ரகசியம் காக்கப்படுமா என்ற ஐயம் மற்றொன்று.

திட்டம் என்பது எது

வழக்கறிஞர் உதவித் திட்டங்கள் குடியிலிருந்து மீண்ட வழக்கறிஞர்கள் தம்மைப் போன்ற சக வழக்கறிஞர்களைத் தேடிப் போய் உதவியதில் வேர்கொண்டவை. அமெரிக்க வழக்கறிஞர்களின் தேசிய சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் இதற்கென ஒரு குழுவை 1988இல் அமைத்தது. அப்போது அதன் பெயரில் 'செயல்திறன் குன்றிய வழக்கறிஞர்கள்' என்ற பொருள் தரும் சொற்கள் இருந்தன. 1996இல் அதை மாற்றி, வழக்கறிஞர் உதவித் திட்டங்களுக்கான குழு என்று பெயரிட்டார்கள். பெயர் மாற்றம் சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 'குன்றியவர்' என்று பலகை மாட்டிய கதவை யார் தட்டுவார்கள்? இன்று அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இத்தகைய திட்டம் உண்டு. சில மாநிலங்களில் பார் அசோசியேஷனும் சிலவற்றில் மாநில உச்ச நீதிமன்றத்தின் கீழுள்ள அமைப்பும் சிலவற்றில் தனித்து இயங்கும் தொண்டு நிறுவனமும் அதை நடத்துகின்றன. பிரிட்டனில் லாகேர் என்ற தொண்டு நிறுவனம் 1997 முதல் சட்டத்துறையினருக்குத் தொலைபேசி வழியாக ஆதரவு தந்து வருகிறது.

வழக்கறிஞர்கள், நீதிபதிகள், சட்ட மாணவர்கள் ஆகியோருக்குப் பெரும்பாலான திட்டங்கள் திறந்திருக்கின்றன. பலவற்றில் அலுவலக ஊழியர்களும் குடும்பத்தினரும்கூட அழைக்கலாம். மது, போதைப்பொருள், மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளுக்கு அடிமையாதல், சூதாட்டம், மனச்சோர்வு, துக்கம், தொழிற்சோர்வு என்று எதற்காகவும் அழைக்கலாம். 'என் நிலை அந்த அளவுக்கு மோசமில்லையே' என்பது அழைக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. அப்படி நினைக்கும் கட்டத்தில் அழைப்பவர்களுக்குத்தான் வழிகள் அதிகம் திறந்திருக்கின்றன.

அழைப்பதற்கு முன்பு

தம் நிலையைப் பற்றித் தமக்கே வாதாடிக்கொள்வதில் வழக்கறிஞர்கள் கைதேர்ந்தவர்கள். அந்த வாதத்தை நிறுத்த எளிய கேள்வித்தாள்கள் உதவும். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற சோதனையில் பத்துக் கேள்விகள் உண்டு; மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிப்பழக்கம் கவனிக்க வேண்டிய நிலையில் இருக்கிறது என்று பொருள். மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்விகள் உள்ளன. 27இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இவை நோயை உறுதிசெய்யும் கருவிகள் அல்ல. ஆனால் 'எல்லோரையும் போலத்தான் நானும் குடிக்கிறேன்' என்ற வாக்கியத்தை எண்களுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க அவை போதும். விடைகளை அலுவலகக் கணினியில் நிரப்பாதீர்கள். தாளில் எழுதிக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் உதவி கேட்கும் முன் தன்னைச் சரிசெய்துகொண்டு போகலாம் என்று நினைத்து ஒரே நாளில் குடியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மனக்குழப்பமும் பிரமைத் தோற்றங்களும் கொண்ட கடும் நிலை சிலருக்கு ஏற்படும். தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ நெடுநாள் எடுத்துவந்த பென்சோடயசபின் வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவதும் இதைப் போன்றதே. இவற்றை மருத்துவரின் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துவிட்டால் உதவித் திட்டத்தின் அலுவலக நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அவசர சேவை எண்ணையோ, தற்கொலைத் தடுப்பு எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். அமெரிக்காவில் 2022 ஜூலை முதல் இதற்காக 988 என்ற மூன்று இலக்க எண் இயங்குகிறது.

ரகசியம் எதுவரை

ரகசியம் என்ற ஒரே சொல்லுக்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. ஆவணத்தைப் படிக்கும் கவனத்தோடு இதையும் படிக்க வேண்டும்.

முதல் அடுக்கு தொழில் ஒழுக்க விதி. அமெரிக்க பார் அசோசியேஷனின் மாதிரி விதிகளில் 8.3 என்ற விதி, சக வழக்கறிஞரின் கடுமையான ஒழுங்கீனம் தெரியவந்தால் அதை உரிய அமைப்புக்குத் தெரிவிக்கும் கடமையை ஒவ்வொரு வழக்கறிஞர் மீதும் சுமத்துகிறது. அதே விதியின் கடைசி உட்பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட உதவித் திட்டத்தில் பங்கேற்கும் வழக்கறிஞருக்கோ நீதிபதிக்கோ அங்கே கிடைத்த தகவலை வெளியிடும் கடமை இல்லை என்று விலக்களிக்கிறது. திட்டத்தில் தொண்டராக உங்களோடு பேசும் வழக்கறிஞர், நீங்கள் சொன்னதைக் கொண்டுபோய்ப் புகார் செய்யக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதே இதன் நடைமுறைப் பொருள். இது மாதிரி விதி மட்டுமே. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென எழுதிக்கொண்ட வாசகமே அங்கே செல்லும். ஆகவே உங்கள் எல்லையில் உள்ள விதியை எடுத்துப் படியுங்கள். 'அங்கீகரிக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாலையில் பொது நூலகத்தில் கூடும் நண்பர் குழுவுக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது.

இரண்டாவது அடுக்கு சிகிச்சை தருபவரின் ரகசியம். உரிமம் பெற்ற உளவியலாளருக்கும் மருத்துவருக்கும் தனிச் சட்டக் கடமை உண்டு. அரசு உதவி பெறும் போதை மீட்பு மையங்களின் பதிவேடுகளுக்கு அமெரிக்காவில் 1970களிலிருந்தே தனிப் பாதுகாப்பு இருந்து வருகிறது. அது சாதாரண மருத்துவப் பதிவுகளுக்கு உள்ளதைவிடக் கடுமையானது. அதற்காக ரகசியத்துக்கு எல்லையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தால், குழந்தையொன்று துன்புறுத்தப்படுவது தெரியவந்தால், நீதிமன்றம் ஆணையிட்டால், அல்லது நீங்களே எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தால் தகவல் வெளியே போகலாம். சம்மதப் படிவம் நீட்டப்படும்போது யாருக்கு, எந்தத் தகவல், எத்தனை நாள் வரை என்ற மூன்றையும் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். கட்சிக்காரருக்கு நீங்கள் நூறு முறை சொன்ன அறிவுரைதான் இது.

மூன்றாவது அடுக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் கசிவு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. அலுவலகக் கைபேசியின் அழைப்புப் பட்டியல், அலுவலக மின்னஞ்சல், உதவியாளரும் பார்க்கும் நாட்காட்டியில் 'சந்திப்பு, மாலை 4' என்ற குறிப்பு, இவை ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. காப்பீடு வாழ்க்கைத்துணையின் பெயரில் இருந்தால், சிகிச்சைக்குக் கட்டிய தொகையின் விவரம் காப்பீடுதாரரின் முகவரிக்கே போகும். இதை முன்கூட்டியே அறிந்தவர் சொந்தக் கைபேசியைப் பயன்படுத்துவார். விவரக் கடிதத்தை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்பார். அல்லது முதல் சில அமர்வுகளைத் திட்டமே இலவசமாகத் தருகிறதா என்று விசாரிப்பார்.

முதல் அழைப்பு

அழைத்தவுடன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலான திட்டங்களில் இல்லை. பெயர் சொல்லாமல் நான்கு கேள்விகளைக் கேட்டு, விடை திருப்தியாக இருந்தால் மட்டும் மேலே பேசலாம். இந்தத் திட்டத்தை நடத்துவது யார், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் பிரிவோடு அதற்கு எந்த வகையில் தொடர்பு உண்டு? நான் சொல்வது எங்கே, எந்த வடிவில் பதிவாகும், எவ்வளவு காலம் இருக்கும்? இப்போது என்னோடு பேசுபவர் உரிமம் பெற்ற சிகிச்சையாளரா, தொண்டரா? எந்தெந்தச் சூழலில் என் சம்மதம் இல்லாமல் தகவல் வெளியே போகும்? நன்றாக நடக்கும் திட்டத்தில் இந்தக் கேள்விகளைத் தினமும் கேட்டுப் பழகியிருப்பார்கள். தயங்காமல் பதில் வரும். பதில் மழுப்பலாக வந்தால் வைத்துவிட்டு வேறு வழி தேடுவதில் தவறில்லை.

பேச்சு எப்படித் தொடங்கும் என்பதே பலருக்குக் கவலை. நேர்த்தியான முன்னுரை எதுவும் தேவையில்லை. 'நான் ஒரு வழக்கறிஞர். மூன்று மாதமாகக் காலையில் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். யாருக்கும் தெரியாது' என்ற மூன்று வாக்கியங்கள் போதும். மறுமுனையில் இருப்பவர் தூக்கம், குடியின் அளவு, மாத்திரைகள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், வீட்டில் யார் இருக்கிறார்கள், அடுத்த வாரம் எந்த வழக்குகள் இருக்கின்றன என்று கேட்பார். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது கட்சிக்காரரின் பெயரையோ வழக்கின் விவரத்தையோ சொல்லாதீர்கள். அவருடைய ரகசியத்தைக் காக்கும் கடமை உங்கள் நோயால் தளர்ந்துவிடாது. 'செவ்வாய்க்கிழமை ஒரு விசாரணை' என்று சொன்னால் போதும்.

அதன் பிறகு வழக்கமாக வருவது, உளவியலாளரிடம் முழு மதிப்பீடு, அதையொட்டி வெளிநோயாளி சிகிச்சையோ தங்கிப் பெறும் சிகிச்சையோ, கூடவே சக வழக்கறிஞரான ஒரு தொண்டர். இந்தத் தொண்டர் என்ற ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வாய்தா கேட்டு நிற்கும் கூச்சமும், கட்டண ரசீது எழுதும் நாளின் கலக்கமும், வெற்றிக் கொண்டாட்டம் என்றால் குடி என்றே ஆகிப்போன வழக்கமும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல. பிரிக்காத உறைகளின் இழுப்பறை என்று சொன்னால் அவர் சிரிப்பார். தன்னுடைய இழுப்பறை ஞாபகத்துக்கு வந்திருக்கும். வழக்கறிஞர்களுக்கு மட்டுமான குழுக் கூட்டங்களையும் பல திட்டங்கள் நடத்துகின்றன. பொதுக் கூட்டத்தில் பழைய கட்சிக்காரரைச் சந்தித்துவிடுவோமோ என்று அஞ்சுபவர்களுக்கு அவை ஏற்றவை.

கட்டுகளை என்ன செய்வது

சிகிச்சைக்குப் போக முடியாததற்குச் சொல்லப்படும் முதல் காரணம் வழக்குகள்தாம். ஆனால் மாதிரி விதி 1.16, உடல்நிலையோ மனநிலையோ கட்சிக்காரருக்காகச் செயல்படும் திறனைக் கணிசமாகப் பாதிக்கிறது என்றால் வழக்கறிஞர் வழக்கிலிருந்து விலக வேண்டும் என்றே சொல்கிறது. நிலைமை அதுவரை போகாமல் தடுக்க, நிலுவையில் உள்ள எல்லா வழக்குகளையும் அடுத்த தேதியோடும் காலவரம்போடும் ஒரே தாளில் எழுதுங்கள். முப்பது நாட்களுக்குள் காலாவதியாகும் எதுவும் முதலில் வரட்டும். நம்பிக்கையான ஒரு சக வழக்கறிஞரிடம் 'உடல்நலக் காரணத்தால் சில வாரங்கள்' என்று சொல்லி, கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு பொறுப்பை ஒப்படையுங்கள். நோயின் பெயரை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. தனியாகத் தொழில் நடத்துபவர் தனக்கு முடியாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார் என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதையும் மாதிரி விதிகளின் உரைக்குறிப்பு சொல்கிறது; அந்தத் தாள் இல்லாவிட்டால் அதை எழுதத் திட்டத்தின் ஊழியர்களே பல இடங்களில் உதவுவார்கள்.

கட்சிக்காரர் பணம் இருக்கும் கணக்கைப் பற்றி ஒரு சொல். அதில் குறை இருந்தால், அல்லது இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், திட்டத்தை அழைப்பதோடு உங்களுக்கென ஒரு வழக்கறிஞரையும் அதே வாரத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். திட்டம் உங்களைத் தேற்றும், சிகிச்சைக்கு வழிகாட்டும். சட்ட ஆலோசனை தருவது அதன் வேலை அன்று.

பணியில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், தகுதிக் காலத்தை நிறைவு செய்தவர், ஊதியமில்லாமல் 12 வாரம் வரை வேலையை இழக்காமல் சிகிச்சைக்குப் போகலாம்.

தானாக வருவதும் அனுப்பப்படுவதும்

ஒரே கட்டடத்துக்குள் இரண்டு வாசல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தானாக வருபவர் ரகசியமாக வருகிறார், விரும்பியபோது போகிறார், யாருக்கும் அறிக்கை போவதில்லை. ஒழுங்கு நடவடிக்கையின் பகுதியாகவோ உரிமத்தின் நிபந்தனையாகவோ அனுப்பப்படுபவர் கண்காணிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அவர் வந்தாரா, சோதனையில் தேறினாரா என்ற தகவல் அனுப்பியவருக்குப் போகும். அந்தச் சோதனைகள் முன்னறிவிப்பில்லாமல் நடப்பவை. சிறுநீரில் எத்தில் குளுகுரோனைடு என்ற பொருளைத் தேடும் சோதனை, குடித்துச் சில நாட்கள் ஆனபின்னும் காட்டிக்கொடுக்கும். ஆல்கஹால் கலந்த வாய்க்கொப்பளிப்பு நீர்கூட அதைக் குழப்பிவிடலாம் என்பதால், கண்காணிப்பில் இருப்பவர் புட்டியின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

புகார் வந்த பிறகு உதவி தேடினாலும் பயன் உண்டு, ஆனால் நிரூபிக்க வேண்டியது கூடிவிடும். அமெரிக்க பார் அசோசியேஷனின் தண்டனை வழிகாட்டு நெறிகள், போதை அடிமைத்தனத்தையோ மனநோயையோ தண்டனையைக் குறைக்கும் காரணமாக ஏற்க நான்கு நிபந்தனைகளை வைக்கின்றன: மருத்துவச் சான்று இருக்க வேண்டும்; ஒழுங்கீனத்துக்கு அந்த நோயே காரணமாக இருந்திருக்க வேண்டும்; குறிப்பிடத்தக்க காலம் நீடித்த மீட்சி காட்டப்பட வேண்டும்; அந்த மீட்சி ஒழுங்கீனத்தை நிறுத்தியிருப்பதோடு மீண்டும் நிகழ வாய்ப்பில்லை என்றும் தெரிய வேண்டும். மூன்றாவது நிபந்தனையைப் பாருங்கள். விசாரணைக்கு முந்தைய வாரம் சேர்ந்தவருக்கு நீடித்த மீட்சி எங்கிருந்து வரும்?

சட்ட மாணவர்கள், சிகிச்சை பெற்றால் உரிமம் கிடைக்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லி அஞ்சுகிறார்கள். விண்ணப்பப் படிவங்களில் நோயின் பெயரைக் கேட்கும் கேள்விகளைக் கைவிட்டு, நடத்தையை மட்டும் கேட்கும் போக்கு வளர்ந்து வருகிறது. மாநிலத் தலைமை நீதிபதிகளின் மாநாடும் 2019இல் இதை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது. எங்கே அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறதோ, அங்கே உண்மையை எழுதுங்கள். பெற்ற சிகிச்சையைவிட மறைத்த பொய்யே விண்ணப்பத்துக்கு அதிகக் கேடு செய்யும்.

வேறொருவருக்காக அழைப்பது

சீனியரின் கை காலையில் நடுங்குவதைப் பார்க்கும் ஜூனியர், துணைவரின் பேச்சு மாறிவிட்டதை உணரும் மனைவி அல்லது கணவர், இவர்களும் அழைக்கலாம். அழைத்தவர் யார் என்பதைச் சம்பந்தப்பட்டவருக்குத் திட்டம் சொல்லாது. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: 'இந்த மாதம் மூன்று வாய்தாக்களுக்கு வரவில்லை, பிற்பகலில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்' என்பது பயன்படும், 'அவர் குடிகாரர்' என்பது பயன்படாது. நீங்களே போய்ப் பேசுவதா, தொண்டர் ஒருவர் அவரைத் தொடர்புகொள்வதா என்பதைத் திட்டத்தோடு கலந்து முடிவு செய்யலாம். அவருக்காகப் பொய் சொல்லி வாய்தா வாங்குவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அது உங்கள் உரிமத்தையும் சேர்த்து இழுக்கும்.

தொழிலுக்கென்று தனித் திட்டம் இல்லாத இடத்தில் இருப்பவர், மருத்துவ ரகசியத்தின் பாதுகாப்பில் நேரடியாக மனநல மருத்துவரிடம் போகலாம். மீண்ட வழக்கறிஞர் ஒருவரின் துணையைத் தனியாகத் தேடிக்கொள்ளலாம். ஆனால் அவரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஒரு நாள் குடித்துவிட்டால், அது பலருக்கும் நடப்பதே. தானாக வந்தவர் அதற்காகத் திட்டத்திலிருந்து நீக்கப்படுவதில்லை. மறுநாள் காலை, அதே சொந்தக் கைபேசியிலிருந்து, அதே எண்ணை அழைத்து, என்ன குடித்தீர்கள், எப்போது, அன்று யாரோடு இருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தொண்டர் அன்றைய மாலைக் கூட்டத்துக்கு உங்களோடு வருவார்.